எதிர்ச்சத்தம்

வட்டமா, சன்னிதியா என்ற கேள்வி அந்த வீட்டில் மழைக்காலம் முழுவதும் ஓடியது. பூங்கோதைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட யாரும் இவ்வளவு யோசிக்கவில்லை. அப்பா ஒரே மாலையில் பேசி முடித்துவிட்டார். இப்போது அதே அப்பா கட்டிய வீட்டின் கூடத்தில் படம் பார்க்க எந்த ஒலிமுறை உசத்தி என்று தம்பி கணபதி கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் தில்லைநகரில் ஒரு கடையில் வந்து நின்றான். கூடவே மனைவி நித்யா, கல்லூரியில் படிக்கும் மகள் இனியா, அக்கா பூங்கோதை. அக்காவைக் கூட்டி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் திருச்சியில் பேருந்து நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எப்போது புறப்படும் என்பதையெல்லாம் இயந்திரமே சொல்லும் காலம் வந்தாயிற்று. ஆனாலும் குழந்தை தொலைந்துபோனால், யாராவது மயங்கி விழுந்தால், மனிதக் குரல் கேட்டால்தான் ஜனம் திரும்பிப் பார்க்கிறது. அதற்காக ஒரே ஓர் ஆளை மிச்சம் வைத்திருந்தார்கள். அந்த ஆள் பூங்கோதை.

"அக்கா மைக் பிடிக்கிறவங்க. சத்தத்தைப் பத்தி அவங்ககிட்ட கதை விட முடியாது," என்றான் கணபதி, கடையில் விளக்கம் சொல்ல வந்த ஆல்பர்ட்டிடம்.

ஆல்பர்ட் கும்பிட்டான். முப்பது வயதுக்காரன், கழுத்தில் டை, வாய் நிறையப் பேச்சு. "அப்ப எனக்கு வேலை சுலபம் சார். வட்டம்ங்கறது பழைய முறை. சுத்தி பெட்டி வைப்போம். மழைச்சத்தம் பின்னாடி வரணும்னா பின்னாடி பெட்டியில வரும். நல்லாத்தான் இருக்கும். ஆனா உங்க வீட்டு குக்கர் விசிலும் சேர்ந்துதான் கேக்கும். சன்னிதியில அது கிடையாது. மழை உங்க தலைக்கு மேலயே பெய்யும். வீட்டுச் சத்தம் சோபாவைத் தாண்டி உள்ள வராது."

"வராதுன்னா? கதவைச் சாத்திடுமா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"எதிர்ச்சத்தம் போடும்மா. ஒரு சத்தம் மேல ஏறும்போது இது கீழ இறங்கும். அது இறங்கும்போது இது ஏறும். ரெண்டும் மோதினா ஒண்ணுமே இல்ல."

"சத்தம் வந்தப்புறம் கிளம்பினா பிந்திப் போயிடாதா?"

"சரியாக் கேட்டீங்க. புதுச் சத்தத்துக்குக் கொஞ்சம் தடுமாறும். தினம் வர்ற சத்தத்தை மனப்பாடம் பண்ணிடும். எத்தனை மணிக்கு வரும், எப்படி வரும்னு தெரிஞ்சு, முன்னாடியே போய்க் காத்துக்கிட்டு நிக்கும்."

"அந்த எதிர்ச்சத்தத்தைத் தனியாக் கேட்டா எப்படி இருக்கும்?"

"அசல் சத்தம் மாதிரியேதான் இருக்கும். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா அதை எதுக்கும்மா தனியாக் கேக்கப் போறீங்க?" என்று சிரித்தான் ஆல்பர்ட்.

நித்யாவுக்கு வேறு சந்தேகம். "நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறது கேக்கணுமே?"

"வீட்டாளுங்க குரலைப் பதிஞ்சுக்குவோம் மேடம். பதிஞ்ச குரலுக்கு வழி விட்டுடும். மத்ததெல்லாம் இரைச்சல்."

பூங்கோதை சொன்னாள்: "எனக்கு வட்டம் போதும்னு தோணுது கணபதி. வீட்டுல வீட்டுச் சத்தம் இருந்துட்டுப் போகட்டுமே."

"நீ பஸ் ஸ்டாண்டு கூச்சல்லயே இருந்து பழகிட்டேக்கா," என்றான் கணபதி. இனியா சிரித்தாள். சன்னிதிக்கு பில் போட்டார்கள். முடிவை வைத்துக்கொண்டு யோசனை கேட்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. கேட்டோம் என்று பேர் இருக்கும், கேட்டபடி நடக்க வேண்டியதும் இல்லை.

ஒரு புதன்கிழமை, நல்ல நேரம் பார்த்து, பெட்டிகள் வந்து இறங்கின. சுவரிலும் கூரையிலும் பொருத்தி முடித்ததும் நித்யா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சூடம் காட்டினார்கள். ஆல்பர்ட் இதையெல்லாம் பல வீடுகளில் பார்த்தவன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றான்.

அந்த நேரத்தில் பூங்கோதை சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன், கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து யாரும் அவளை 'முன்னால் வராதே' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. படித்த குடும்பம், அப்படியெல்லாம் பேசமாட்டார்கள். ஆனால் நல்ல காரியம் என்று ஒன்று வந்தால், சரியாக அந்த நேரத்தில் ஒரு பால் பொங்கும். ஒரு பாயசம் அடிபிடிக்கப் பார்க்கும். "அண்ணி, அதை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்களேன்," என்பாள் நித்யா, அவ்வளவு பிரியமாக. புது வண்டி வந்தபோது ஒரு அடுப்பு எரிந்தது. இனியாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துப் பூஜை போட்டபோது ஒரு அடுப்பு எரிந்தது. நல்ல நாளில் அவளுக்கென்று எங்கேயாவது ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அவளுக்கும் அது தெரியும். தெரியாதவள்போலக் கரண்டியைப் பிடித்துக்கொள்வாள்.

கூடத்தில் ஆல்பர்ட், ஒவ்வொருவராகக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னான். கணபதி செய்தி படித்தான். நித்யா நாற்காலியில் உட்கார்ந்து தேவாரம் சொன்னாள். இனியா யாரையோ திட்டுவதுபோல நடித்துக் காட்டினாள். பிறகு ஆல்பர்ட்டின் குரல்: "வீட்டுல வேற யாராவது இருக்காங்களா சார்?"

"இல்ல, நாங்க மூணு பேருதான்," என்றான் கணபதி.

பாயசத்தில் கரண்டி நின்றது. படம் பார்க்கிறவர்கள் மூன்று பேர் என்று சொல்கிறான் போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு மறுபடி கிண்டினாள். அடிபிடிக்காத அருமையான பாயசம். ஆல்பர்ட் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து கூடத்தில் எந்த நேரமும் சன்னிதி ஓடியது. காலையில் செய்தி, மாலையில் பாட்டு, விளக்கு வைத்தபின் படம். சொன்னபடியே சோபாவைச் சுற்றி ஒரு மௌனம் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மிக்ஸி ஓடுவது தெரியாது. தெருவில் குப்பை வண்டி போவது தெரியாது. வந்தவர்களிடமெல்லாம் கணபதி பெருமை பேசினான்.

பூங்கோதைக்குத் தெரிந்தது வேறு. அந்த வீட்டில் யாரும் அவளுக்குப் பதில் சொல்வதில்லை.

முன்பெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு குரல் கொடுத்தால் எழுந்து வந்துவிடுவார்கள். "சாப்பிட வாங்க, தட்டு வச்சாச்சு. கணபதி, ஆறிடும்." ஏழு மணி வாக்கில் தினமும் இதே வார்த்தைகள்தான். இப்போது கூப்பிட்டால் செவிடன் காதில் ஊதிய சங்கு. மறுபடி கூப்பிடுவாள். பேருந்து நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிற குரல் அது. கூடத்தில் மூன்று தலைகள் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தோளைத் தொட்டால், "ஒரு குரல் கொடுத்திருக்கலாமே அண்ணி," என்பாள் நித்யா.

பூங்கோதைக்குப் பெட்டிகள்மேல் சந்தேகமே வரவில்லை. கொழுப்பு என்று நினைத்தாள். சோறு போடுகிறவள் எத்தனை தடவை கூப்பிட்டால் என்ன, அவளாக வந்து காலடியில் நின்று சொல்லட்டும் என்கிற கொழுப்பு. "இனியா, குடை எடுத்தியா?" என்று கேட்பாள், பதில் வராது. "நித்யா, உன் ஃபோன் அடிக்குது," என்பாள், பதில் வராது. நேரில் எதிரே போய் நின்றால் மட்டும் மூன்று பேரும் மரியாதையாகப் பேசுவார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். முகத்துக்கு நேரே ஒரு நியாயம், முதுகுக்குப் பின்னால் ஒரு நியாயம்.

அந்த வாரம் பேருந்து நிலையத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்குழந்தையைக் கொண்டுவந்து அவள் அறையில் விட்டார்கள். பூங்கோதை ஒரே ஒரு தடவை அறிவித்தாள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு தாய் ஓடிவந்தாள். அழுதுகொண்டே பூங்கோதையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூங்கோதை அந்த ஈரக்கையைப் பற்றியே நினைத்தாள். ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் சொந்தத் தம்பிக்குக் கேட்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை மாலை அவள் வடை சுட்டாள். கேட்டவன் கணபதிதான். கூடத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வாணலியை இறக்கும்போது பிடிதுணி நழுவியது. கொதிக்கிற எண்ணெய் வலது கால்மேல் கொட்டியது.

அவள் அலறினாள். "கணபதி, எண்ணெய் கொட்டிடுச்சு, யாராவது வாங்கடா," என்று கத்தினாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவுகூட இல்லை, வெறும் வளைவுதான். தரையில் உட்கார்ந்தபடியே அவளால் மூன்று பேரின் பின்தலையையும் பார்க்க முடிந்தது. மறுபடி கத்தினாள். இனியா பக்கத்திலிருந்த தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். கணபதி கைதட்டினான், யாரோ ஆறு அடித்திருக்க வேண்டும்.

அந்தக் கைதட்டலைப் பூங்கோதை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டாள். வலியைவிட அதுதான் உள்ளே இறங்கியது. தவழ்ந்துபோய்க் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். துண்டைச் சுற்றிக்கொண்டாள். சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிக் கூடத்துக்கு வந்து சோபாவின் எதிரே நின்றாள்.

"என்னக்கா, அடுத்த ஈடு ஆச்சா?" என்றான் கணபதி. அப்புறம் காலைப் பார்த்தான்.

உடனே எல்லாம் நடந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. வண்டி எடுத்தான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். நித்யா வழியெல்லாம் விசிறினாள். இனியா அழுதாள். கட்டுப் போட்டுத் திரும்பி வரும்போது கணபதி கேட்டான்: "ஏன்க்கா கூப்பிடவே இல்ல?"

"கூப்பிட்டேன்."

"காதுல விழலையேக்கா."

 பொய் சொல்கிறான் என்று பூங்கோதை முடிவு கட்டினாள். ஐந்து வயதில் இவன் காவிரியில் கால் வழுக்கி 'அக்கா' என்று அரைக்குரலில் கூப்பிட்டபோது, அடுத்த படித்துறையிலிருந்து கேட்டு நீந்திப் போனவள் அவள். அவனுக்கு அவள் அலறியது காதில் விழவில்லையாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி போல ஆல்பர்ட் வந்தான். அவனைக் கணபதி முந்தின வாரமே வரச் சொல்லியிருந்தான். புகார் வேறொன்றும் இல்லை, சாயங்காலம் ஏழு மணி வாக்கில் படத்தில் வசனம் மங்குகிறதாம். பூங்கோதை கூடத்து ஓரத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய சத்தம் எதையோ அமுக்கிக்கிட்டிருக்கு சார். அமுக்கும்போது வசனமும் கொஞ்சம் இறங்கும்," என்றான் ஆல்பர்ட். "எதை வெளிய தள்ளுதுன்னு கேட்டுப் பாத்துடறேன்." காதுப்பொறியை மாட்டிக்கொண்டான். கேட்டுக்கொண்டே, கேட்டதைக் கடைக்கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.

"குக்கர் சார். அப்புறம் மிக்ஸி. அப்புறம் ஒரு பொம்பளக் குரல், தினமும் வருது. 'சாப்பிட வாங்க, தட்டு வச்சாச்சு. கணபதி, ஆறிடும்.' நல்ல கணீர்னு இருக்கு. இதுதான் வசனத்தைக் கெடுக்குது. வேலைக்காரம்மாவா சார்?"

 மூன்று பேரும் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்ததை, காதுப்பொறியில் மூழ்கியிருந்த ஆல்பர்ட் கவனிக்கவில்லை.

"'இனியா, குடை எடுத்தியா?' 'நித்யா, உன் ஃபோன் அடிக்குது.' நிறைய இருக்கு சார், எல்லாம் இதே குரல்தான். குரல் பழகிட்டா, புதுசா எது சொன்னாலும் தடுத்துடும். நேத்து ஒண்ணு..." அவன் நிறுத்தினான். பிறகு, நிறுத்த முடியாதவன்போல, மெதுவாகச் சொன்னான். "'கணபதி, எண்ணெய் கொட்டிடுச்சு, யாராவது வாங்கடா.'"

அவன் காதுப்பொறியைக் கழற்றினான். ஓரத்தில் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

முந்தின நாள் அவள் அலறியது, ஒரு கடைக்காரனின் வாய் வழியாகத்தான் அந்தக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. கணபதியின் முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கவில்லை என்று பூங்கோதைக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தணிய வேண்டும் அல்லவா? தணியவில்லை. இரண்டு மடங்காயிற்று.

"என்னை இரைச்சல்னு முடிவு பண்ணது யாருப்பா?" என்று ஆல்பர்ட்டிடம் கேட்டாள்.

"மெஷின்தாம்மா. பதியாத குரல் சோபாவுக்கு எதிரே வந்து நின்னாத்தான் கேக்கும்... அன்னிக்கு நீங்க இருக்கீங்கன்னு யாரும் சொல்லலையே." சொல்லிவிட்டுக் கணபதியைப் பார்த்தான். தன் தலையில் எதுவும் விழக்கூடாது என்கிற அவசரம் அவன் குரலில் வந்துவிட்டது. "ஆனா அது சும்மா விடாது சார். பதியாத மனுஷக் குரல் திரும்பத் திரும்ப வந்தா, திரையில கேக்கும். 'வீட்டில் இன்னொரு குரல் கேட்கிறது. சேர்க்கலாமா?' ஆமாம், வேண்டாம், அப்புறம்னு மூணு பொத்தான் வரும். உங்களுக்கு வரலையா?"

இனியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "வந்துச்சுப்பா. படத்தை மறைச்சுது. நான் 'அப்புறம்' அழுத்திட்டேன். படிச்சுக்கூடப் பாக்கல அத்தை."

"எனக்கும் வந்துச்சு," என்றாள் நித்யா, தரையைப் பார்த்து. "ஏதோ விளம்பரம்னு நெனச்சேன்."

கணபதி சோபாவில் கிடந்த ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தான். அவனும் அழுத்தியிருக்கிறான் என்பதற்கு அதுவே போதும்.

"இயந்திரத்துக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் பூங்கோதை. "இந்த வீட்டுல இன்னொருத்தி இருக்கான்னு கம்பிக்கும் பெட்டிக்கும் தெரிஞ்சிருக்கு. அது விடாம கேட்டிருக்கு. உங்களுக்குத்தான் அப்புறமா இருந்திருக்கு."

"அக்கா, தெரியாம நடந்துபோச்சுக்கா. மன்னிச்சுடு. இப்பவே பதிஞ்சுடலாம். ஆல்பர்ட், அந்த மைக்கை எடுங்க."

ஆல்பர்ட் பையிலிருந்து ஒலிவாங்கியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "கொஞ்ச நேரம் எதையாவது பேசுங்கம்மா, போதும்." உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான். முப்பது வருடமாகப் பழகிய பொருள்தான்.  ஒருவேளை அப்போதே பேசியிருப்பாள். தம்பி தலைகுனிந்து நிற்கிறான், இனியா அழுகிறாள், இன்னும் எதற்கு வீம்பு என்று நெஞ்சு இளகத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்து நித்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள், எப்போதும்போல அவ்வளவு பிரியமாக. "இப்ப ராகு காலம் ஓடுது. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறோம், ஆறு மணிக்கு மேல வச்சுக்கலாமே. அதுக்குள்ள நான் ஒரு காபி..."

நித்யா கெட்டவள் இல்லை. அதுதான் இதில் கொடுமை. நல்லது நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்றுதான் சொன்னாள். யாருடைய கண்ணில் யார் அபசகுனம் என்பதெல்லாம் அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"என் கால்ல எண்ணெய் கொட்டினது எந்தக் காலம் நித்யா?" என்று பூங்கோதை கேட்டாள்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. சன்னிதி அணைந்துதான் இருந்தது, ஆனாலும் இல்லை.

"அன்னிக்கு நல்ல நேரம். அதனால நான் கிச்சன்ல நிக்கணும். இன்னிக்குக் கெட்ட நேரம். அதனால நான் காத்திருக்கணும். எனக்கு எந்த நேரம்தான் இந்தக் கூடத்துல இடம்னு பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொல்லு, நான் அந்த நேரத்துக்கு வர்றேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. குழந்தை தொலைந்ததை அறிவிக்கிற அதே நிதானம். "பாயசம் யார் வேணா கிண்டலாம். இதைச் சொல்றதுக்கு எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கு இந்த மெஷினைச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க கத்துக் கொடுத்தது, அது கத்துக்கிச்சு."

ஒலிவாங்கியை ஆல்பர்ட்டிடம் திருப்பிக் கொடுத்தாள். "இது வேணாம்பா. நீ கிளம்பு."

அவன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பினான். போகும்போது, "அப்ப வசனம் மங்கறது அப்படியே இருக்கட்டுமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனான். தொழில் சுத்தம்.

பூங்கோதை ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள். கணபதி வாசலை மறித்தான். கால் ஆறட்டும் என்றான், ஊர் என்ன சொல்லும் என்றான், அப்பா கட்டின வீடு உனக்கும் பாதி என்றான்.

"பாதி வீடு இருக்கட்டும். அதுல எனக்கு ஒரு குரல் இல்லையேடா," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று கணபதி நித்யாவிடம் சொல்வது அவள் காதில் விழுந்தது. அவள் காதில் எல்லாமே விழும்.

பாலக்கரையில், அவளுடன் வேலை பார்க்கும் ஜெயசீலி தனியாக இருந்தாள். கட்டுப் போட்ட காலையும் பையையும் பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைக் காலி பண்ணிக் கொடுத்து, காலுக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு, சமைக்கப் போனாள். பூங்கோதை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அடுத்த வீட்டில் யாரோ சண்டை போட்டார்கள். மாடியில் குழந்தை ஒன்று பந்தை உருட்டியது. ஜெயசீலி தாளிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை சத்தத்துக்கு நடுவில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ஏழு மணிக்குச் சற்றுக் கழித்து ஃபோன் அடித்தது. கணபதி.

எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். எடுத்தாள்.

"அக்கா." அவன் குரல் நடுங்கியது. "நீ எங்கக்கா இருக்கே?"

"ஏன்?"

"வீட்டுக்குத் திரும்பி வந்துட்டியா? கிச்சன்லயா இருக்கே? விளையாடாதே அக்கா."

"நான் பாலக்கரையில இருக்கேன்."

மறுமுனையில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அதற்குப் பின்னால், கூடத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும், கூரையிலிருந்தும், இன்னொரு குரல் கேட்டது. கணீரென்று, தெளிவாக, பக்கத்தில் நிற்கிற மாதிரி. "சாப்பிட வாங்க, தட்டு வச்சாச்சு. கணபதி, ஆறிடும்."

 தன் குரலைத் தானே ஒலிபெருக்கியில் கேட்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதை அவள் பேசவில்லை. தினமும் ஏழு மணிக்கு அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே போய்க் காத்துக்கொண்டு நின்ற அது, இன்றைக்கும் வந்து நின்றிருக்கிறது. மோதுவதற்கு எதிரே அவள் இல்லை. ஆல்பர்ட் சொன்னது சரிதான், காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"சும்மா நியூஸ் போட்டோம்க்கா," என்றான் கணபதி. குழந்தைபோலத் தேம்பினான். "நீ கூப்பிட்டே. மூணு பேரும் எந்திரிச்சுப் போய் சாப்பாட்டு மேசையில உக்காந்துட்டோம். முதல் தடவை கூப்பிட்டதுமே போயிட்டோம்க்கா."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

பின்னால் மறுபடி அந்தக் குரல் கேட்டது. எத்தனை தடவை கூப்பிட்டால் இவர்கள் வருவார்கள் என்பதையும் அது மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. இனியா 'நிறுத்துங்கப்பா' என்று அழுவதும் கேட்டது.

"இதை எப்படிக்கா நிறுத்தறது? பொத்தானை எல்லாம் அழுத்திப் பாத்துட்டேன். ஏதாவது சொல்லேன்."

ஒரு கணம் அவளுக்குத் தம்பி மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை அவள் விழுங்கினாள்.

"திரையில கேக்கும் பாரு," என்றாள். "வீட்டில் இன்னொரு குரல் கேட்கிறது, சேர்க்கலாமான்னு. 'அப்புறம்'னு அழுத்து கணபதி. உங்களுக்குப் பழக்கம்தானே."

ஃபோனை வைத்தாள். சமையலறையிலிருந்து ஜெயசீலி, "கோதை, சோறு ரெடி," என்று குரல் கொடுத்தாள். அதிகச் சத்தம்கூட இல்லை.

"இதோ வர்றேன்," என்று சொல்லிவிட்டு, பூங்கோதை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.